எடை மேடைக் கணக்கில் ±²´¸ வருவது ஏன்?

கேள்வி: காங்கேயம் பக்கத்துல அரிசி ஆலை வெச்சிருக்கோமுங்க. எடை மேடை ஊருக்கு வெளிய, ஆபீஸ் டவுனுக்குள்ள. எடையெல்லாம் பழைய டயல்-அப் மோடம் வழியா லேண்ட்லைன்ல வருது. ஆபீஸ் கம்ப்யூட்டரை மாத்துனதுல இருந்து, 12480னு வர வேண்டிய எடை ±²´¸0னு வருது. ஆனா வேறொரு லாரிக்கு 35960னு சுத்தமா வந்துச்சு. மழை பெஞ்சா கண்டபடி எழுத்து ஓடுது. மோடமையே மாத்திரலாமுங்களா?

பதில்: இப்போதைக்கு மோடத்தில் கை வைக்காதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு.

முதலாவதற்குத் துப்பு, 35960 சரியாக வந்ததுதான். உங்கள் எடை இண்டிகேட்டர் (எடையைக் காட்டி அனுப்பும் கருவி) ஒவ்வொரு இலக்கத்தையும் 7 பிட்டாக, அதாவது 0 அல்லது 1 என்ற ஏழு துணுக்காக அனுப்பி, எட்டாவதாகப் பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட் ஒன்றைச் சேர்க்கிறது. மொத்தத்தில் 1 என்ற பிட்டுகள் இரட்டைப்படையாக வர வேண்டும் என்பது கணக்கு. 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் ஏற்கெனவே இரட்டைப்படைதான். பாரிட்டி 0, அதனால் தப்பித்துக்கொள்கின்றன. 1, 2, 4, 7, 8 ஒற்றைப்படை. அவற்றுக்குப் பாரிட்டி 1. புதுக் கம்ப்யூட்டர் அந்த எட்டாவது பிட்டையும் எழுத்தின் பகுதியாகவே படித்துவிடுகிறது. ‘1’ என்பதன் குறியெண் 49. எட்டாவது பிட்டின் மதிப்பான 128 அதோடு சேர்ந்தால் 177. அதுதான் நீங்கள் பார்க்கும் ±.

எடை மென்பொருளின் போர்ட் செட்டிங்கில் டேட்டா பிட் 7, பாரிட்டி ஈவன் (இரட்டைப்படை), ஸ்டாப் பிட் 1 என்று வையுங்கள். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் பலிக்காது; மென்பொருள் தன் செட்டிங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். (ஓர் இலக்கம்கூடத் தேறாமல் எல்லாமே குப்பையாக வந்திருந்தால், பாட் ரேட்டை, அதாவது போர்ட்டின் வேகத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.)

மழைக் கோளாறு லைனில். மோடம் ஒயரைக் கழற்றிச் சாதாரண போனை மாட்டி, ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்ற பிறகும் கரகரவென்று கேட்டால், எங்கோ ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, லைன்மேனைக் கூப்பிடுங்கள். அதே லைனில் பேரலல் போன் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அதுவரை மோடத்தின் வேகத்தை நொடிக்கு 2400 பிட்டுக்கு இறக்கிவிடலாம். தொடக்க, முடிவு பிட்டுகளையும் சேர்த்து எழுத்துக்கு 10 பிட் என்றால், அதிலேயே நொடிக்கு 240 எழுத்து போகும், எடைக்குத் தாராளம். 1988இல் வந்த வி.42 பிழைதிருத்தம் இரண்டு மோடத்திலும் இருந்தால் அதையும் இயக்குங்கள். கெட்டுப்போன துண்டை அது மறுபடி கேட்டு வாங்கும். இரைச்சல் குப்பையாக வராமல் தாமதமாக மட்டும் தெரியும். உங்களுக்குக் குப்பை கொட்டுகிறது என்றால், பெரும்பாலும் வி.42 இயங்கவில்லை.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. நாள் முழுக்கச் சேர்ந்த எடைகளை மொத்தமாக அனுப்பும்போது ஓர் எழுத்து விழுந்து, 12480 என்பது 1248 ஆகிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. கம்ப்யூட்டர், மோடம் இரண்டிலும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஃப்ளோ கன்ட்ரோல் (எதிர்ப்பக்கம் தயாராகும் வரை அனுப்பாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாடு) இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாகும் வரை லாரிக்காரர் கொண்டுவரும் எடைச் சீட்டை ஒத்துப் பார்த்த பிறகே பில் போடுங்கள்.