90-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை. என்ன காரணம்?

90-இல் நடுக்கம் ஆரம்பித்து 110-க்கு மேல் கொஞ்சம் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டில் இது போகாததில் ஆச்சரியமில்லை. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். நடுக்கத்துக்குப் பார்க்க வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சின்ன எடைக்கட்டிகளைப் பொருத்துவது. இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டதால், ஒன்றைச் செய்தால் மற்றதும் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

100 கி.மீ. வேகத்தில் கார் டயர் நொடிக்கு 14, 15 சுற்று சுற்றும். 15 அங்குல ரிம்மின் விளிம்பிலிருந்து 20 கிராம் எடைக்கட்டி ஒன்று உதிர்ந்திருந்தால், அந்த வேகத்தில் சக்கரத்தை ஏறக்குறைய 3 கிலோ எடைக்குச் சமமான விசை சுற்றுக்குச் சுற்று இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த உதறல் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போகிற வேகத்தில்தான் ஸ்டியரிங் பெரிதாக ஆடும், தாண்டினால் தணியும். உங்களுக்கு நடப்பதும் அப்படித்தான் தெரிகிறது.

கடைக்குப் போகும் முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும், பேலன்ஸ் போய்விடும். அலாய் வீல் என்றால், எடை ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் சதுரமாக மிஞ்சியிருக்கிறதா என்று தேடுங்கள்.

இதே தொல்லையில் நான் இரண்டு முறை பேலன்சிங் செய்தேன். இரண்டு முறையும் மெஷின் பூஜ்ஜியம் காட்டியது, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஸ்க்ரூடிரைவர் முனையை டயருக்கு மயிரிழை தூரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினேன். முக்கால் சுற்று வரை ஒன்றுமில்லை. அப்புறம் 'சரக்' என்று ரப்பர் முனையில் உரசியது. அடுத்த சுற்றிலும் அதே இடம். டயருக்குள்ளே ரப்பருக்கு அடியில் இருக்கும் கம்பி அடுக்கான பெல்ட் பிரிந்து, அங்கே மட்டும் மேடு தட்டியிருந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சாதாரண பேலன்சிங் மெஷின் எடையைத்தான் அளக்கும், டயர் வட்டமாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட டயர் ஓடும்போதே வெடிக்கலாம், அதனால் அன்றைக்கே மாற்றிவிட்டேன். ஸ்க்ரூடிரைவரை ரிம்மின் விளிம்புக்கு நேராகப் பிடித்தால், குழியில் விழுந்து வளைந்த ரிம்மும் இதே மாதிரி மாட்டிக்கொள்ளும்.

இதிலும் பிடிபடாவிட்டால், நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கும்பட்சத்தில், அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துவிட்டால் குற்றவாளி சக்கரம்தான். ஸ்டியரிங்கிலேயே இருந்தால் சக்கரத்தை ஸ்டியரிங்கோடும் சஸ்பென்ஷனோடும் இணைக்கும் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். தேய்ந்த ஜாயின்ட் தானாக நடுக்கத்தைக் கிளப்புவது குறைவு, ஆனால் சின்ன உதறலையும் பெரிதாக்கிக் காட்டும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் என்றால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்டைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஆரம்பித்து, ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இறுகியிருக்கலாம்.

டயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இது தொடங்கியது என்றால் மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வையுங்கள். முதல் வேலையாக வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.