வணக்கத்திற்குரிய மேயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாநகராட்சி அழைப்பிதழ்களில் மேயரை நெடுங்காலம் 'வணக்கத்திற்குரிய' என்று அச்சிட்டு வந்தார்கள். 'வொர்ஷிப்ஃபுல்' என்பதன் தமிழாக்கம் அது. இறைவனுக்குரிய சொல்லை ஒரு பதவிக்குச் சூட்டியது வெள்ளையரின் ஆணவம் அல்லவா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காலனி ஆட்சியின் ஆணவத்துக்குச் சான்றுகள் ஏராளம். இது அவற்றுள் சேராது. மனிதருக்கு வழங்கிய சொல்தான் பிற்பாடு தெய்வத்திடம் போய்ச் சேர்ந்தது. மதிப்பைக் குறிக்கும் 'வொர்த்' என்பதோடு 'ஷிப்' என்னும் விகுதி சேர்ந்து பழைய ஆங்கிலத்தில் உருவான 'வொர்ஷிப்' என்னும் அச்சொல்லுக்கு ஒருவரது தகுதி, அவருக்கு ஊரார் தரும் மரியாதை என்பவையே பொருள். வழிபாடு என்ற பொருள் 1300-ஐ ஒட்டியே எழுத்தில் தென்படுகிறது; அதன் பின்னும் இரண்டு பொருள்களும் பல நூற்றாண்டுகள் சேர்ந்தே புழங்கின.

உங்கள் ஐயம் இங்கிலாந்திலேயே எழுந்திருக்கிறது. 1549-இல் வந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலின்படி, மணமகன் மோதிரம் அணிவிக்கும்போது, தன் உடலால் மணமகளை 'வொர்ஷிப்' செய்வதாகச் சொல்ல வேண்டும். 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் கூடிய மாநாட்டில், சீர்திருத்தம் வேண்டிய தூய்மைவாதிகளின் சார்பில் பேசிய ஜான் ரெய்னால்ட்ஸ் இந்தத் தொடரை ஆட்சேபித்தார். நல்ல மனைவி வாய்த்திருந்தால், அவளுக்குச் செய்யும் எந்த மரியாதையும் தகும் என்று நீரே எண்ணுவீர் என மன்னர் ஜேம்ஸ் பதில் சொன்னார்; தொடர் நீடித்தது.

அதே மாநாட்டில் ரெய்னால்ட்ஸ் வேண்டிக்கொண்டதால் தொடங்கிய விவிலிய மொழிபெயர்ப்பு 1611-இல் வெளிவந்தபோது, அதிலும் பழைய பொருள் இடம்பெற்றிருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. லூக்கா 14-ஆம் அதிகாரத்தில், விருந்தில் கடைசி இடத்தில் அமர்ந்தவனை வீட்டுக்காரர் மேலே அழைக்கும்போது, பந்தியிலிருப்பவர்கள் முன்னிலையில் அவனுக்குக் கிடைப்பது 'வொர்ஷிப்'. தமிழ் விவிலியம் அவ்விடத்தில் 'உனக்குக் கனமுண்டாகும்' என்கிறது.

1688-இல் சென்னையில் மாநகராட்சி அமைந்தபோது, மேயர் பதவி இங்கிலாந்து நகரங்களின் வழக்கத்தை ஒட்டியே இங்கு வந்தது. மேயருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அங்கே வழங்கிய இந்த அடைமொழி பழைய பொருளையே ஏந்தியது. தமிழாக்கியவர்தான் புதிய பொருளை எடுத்துக்கொண்டார். 'கனம் நீதிபதி அவர்களே' என்று நீதிமன்றங்களில் வழங்கிய சொல் நம்மிடம் இருக்க, 'கனம் மேயர் அவர்கள்' என்று எழுதியிருந்தால் மூலத்தின் பொருளும் சிதைந்திராது, உங்களுக்கு இந்தக் கேள்வியும் எழுந்திராது.