இரண்டு சதவீதக் கமிஷன் என்று விளம்பரம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். வேலந்தாவளம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதவளப் பிரிவு என் பொறுப்பு. புற்றுநோய்ப் பிரிவுக்குக் கட்டடமும் கதிர்வீச்சு இயந்திரமும் வேண்டும்; 40 கோடி ரூபாய் தேவை. பெரிய நன்கொடைகளைத் திரட்ட முழுநேர ஆள் ஒருவரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தைக் குறைத்து வைத்து, வரும் பணத்தில் 2 சதவீதம் கமிஷன் தரலாம் என்பது சேர்மன் கருத்து. கடைசிச் சுற்றில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் கோவையில் தனியார் வங்கியில் வசதியான வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ரிலேஷன்ஷிப் மேனேஜர். இன்னொருவர் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் போன் வழியாக நன்கொடை திரட்டும் குழுவை நடத்தியவர். மூன்றாமவர் எங்களிடமே 11 வருடமாக மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்க்காரப் பெண். யாரை எடுப்பது, எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் கமிஷன் விஷயத்தை முடித்துவிடுவோம். அது முடியாமல் ஆள் தேர்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கமிஷன் வேண்டாம். 2 சதவீதமும் வேண்டாம், அரை சதவீதமும் வேண்டாம். நிதி திரட்டுவோரின் சர்வதேசச் சங்கமான ஏஎஃப்பி தன் நெறிமுறைகளில் சதவீத அடிப்படையிலான ஊதியத்தைத் தடை செய்திருக்கிறது. காரணம் எளிது. கமிஷனுக்கு வேலை செய்பவருக்கு இந்த மார்ச்சுக்குள் வரும் 10 லட்சம், மூன்று வருடம் கழித்து வரக்கூடிய 5 கோடியைவிட இனிக்கும். அவசரப்பட்டுக் கேட்பார். அவசரப்பட்டுக் கேட்டால் அந்த 10 லட்சத்தோடு அந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். கொடுப்பவர் பக்கமிருந்தும் பாருங்கள். இறந்துபோன மனைவியின் பேரில் ஒருவர் ஒரு கோடி தருகிறார். அதில் இரண்டு லட்சம் பேசிய ஆளுக்குப் போயிற்று என்று பின்னால் தெரிந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்?

மருத்துவக் கல்லூரி என்பதால் நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஊரில் மெடிக்கல் காலேஜ் என்ற சொல்லோடு ‘டொனேஷன்’ என்று சேர்த்துச் சொன்னால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சீட்டுக்குக் கொடுக்கிற பணம் என்றுதான். நல்ல எண்ணத்தோடு போனாலும் அந்தச் சொல்லின் அழுக்கு நம் மேல் ஒட்டும். நான் ஆலோசகராகப் போன ஓர் இடத்தில் கமிஷன் பேசி ஓர் ஆளை வைத்திருந்தார்கள். எட்டாவது மாதம் ஒரு பெரிய தொகை கொண்டுவந்தார். எல்லோருக்கும் சந்தோஷம். விசாரித்தால், கொடுத்தவரின் மகன் அந்த வருடம் எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நல்லவேளை. ஆனால் அந்த விஷயம் வெளியே கசிந்து, உண்மையாகவே கொடுக்க நினைத்த இரண்டு குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன. தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. ஆகவே நீங்கள் எடுக்கும் ஆள் சேர்க்கைப் பிரிவின் வாசற்படி ஏறக்கூடாது. சேர்க்கை நடக்கும் வருடத்தில், விண்ணப்பித்த மாணவரின் குடும்பத்திடமிருந்து ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று நிர்வாகக் குழு எழுத்தில் தீர்மானம் போட்டுவிட்டு அப்புறம் ஆளை எடுங்கள். பதவிப் பெயரிலும் ‘டொனேஷன்’ வேண்டாம். ‘கொடையாளர் உறவு அலுவலர்’ என்று வைத்தால் போதும்.

சரி, அந்த அலுவலர் என்னதான் செய்வார்? இது தெரியாமல்தான் பலர் தப்பான ஆளை எடுக்கிறார்கள். பேச்சு சாமர்த்தியம் உள்ளவரைத் தேடுகிறார்கள். இந்த வேலையில் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிய வேண்டும்.

மீனாட்சிபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர். அவர் மனைவி நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையில் கடைசி நாட்களைக் கழித்தவர். முதல் தடவை போனபோது கட்டட வரைபடத்தை மேசையில் விரித்துக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்துவிட்டு, தென்னையில் வெள்ளை ஈ விழுந்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். மூன்றாவது தடவை வரைபடத்தை எடுத்துப் போகவில்லை. அன்றுதான் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். மருந்துச் சீட்டு, ஸ்கேன் உறை, டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். “ராத்திரி டூட்டியில ஒரு சிஸ்டர் புள்ள இருந்துச்சுங்க. தலை வாரி விடும். அது இன்னும் அங்கதான் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அந்தச் செவிலியர் வெளிநாடு போய்விட்டதை விசாரித்துச் சொன்னேன். அந்தச் செவிலியரிடம் சொல்லி, தோப்புக்காரருக்கு ஒரு குரல் செய்தி அனுப்ப வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் பணத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஒருநாள் அவரே கேட்டார்: “அந்த மாதிரி புள்ளைங்களைப் படிக்க வைக்க என்னங்க ஆகும்?” நாங்கள் கட்டடத்துக்கு ஆசைப்பட்டோம், அவர் நர்சிங் மாணவியருக்கு நிதி ஏற்படுத்தினார். கட்டடத்துக்கும் பின்னால் கொடுத்தார்.

இப்படிக் காத்திருக்கத் தெரிந்தவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். முதல் பெரிய கொடைக்கு ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும் என்று சேர்மனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். முதல் வருடத்தில் எத்தனை ரூபாய் வந்தது என்று கேட்கக்கூடாது. எத்தனை வீட்டுக்குப் போனார், எத்தனை குடும்பம் மருத்துவமனையை நேரில் வந்து பார்த்தது, எத்தனை பேருக்கு எழுத்தில் திட்டம் கொடுத்தார் என்று கேட்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒருவர் கையில் நூறு, நூற்றைம்பது பெயர்கள் இருக்கும். உங்களுக்கு 60 குடும்பம் போதும்.

மூவருக்கு வருகிறேன். போன் வழி திரட்டியவரின் தொழிலும் தொழில்தான், அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது ஆயிரம் பேரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கும் கலை. ஒரே வீட்டுக்கு ஏழு தடவை போவது வேறு. பின்னாளில் நோயாளிகளுக்கான சிறு கொடைத் திட்டம் தொடங்கினால் அவரைக் கூப்பிடுங்கள்.

வங்கிக்காரருக்குப் பணக்காரர்களைப் பார்த்துப் பயமில்லை. உயில், அறக்கட்டளை, வரி எல்லாம் அத்துப்படியாக இருக்கும். அவரிடம் இரண்டு சந்தேகங்கள். மாத இலக்குக்குப் பழகியவர் ஒன்றரை வருடம் பொறுப்பாரா? அப்புறம், வங்கி வாடிக்கையாளர் பட்டியலோடு வருகிறேன் என்று சொல்கிறாரா? சொன்னால் அந்த நிமிடமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கிருந்து எடுத்துவருபவர் நாளைக்கு இங்கிருந்தும் எடுத்துப் போவார்.

என் மனசு சித்தூர்ப் பெண்ணின் பக்கம்தான். தமிழும் மலையாளமும் வீட்டு மொழியாகப் பேசுவார். பாலக்காட்டு வீட்டில் மலையாளத்தில் தொடங்கி, கிணத்துக்கடவு மில் முதலாளியிடம் கொங்குத் தமிழில் முடிக்க இந்த எல்லையில் வளர்ந்தவருக்குத்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக டாக்டர்கள் அவரை நம்புகிறார்கள். பெருங்கொடையின் கதவை மருத்துவமனையில் திறப்பது பெரும்பாலும் மருத்துவர்தான். ‘என்னைக் காப்பாற்றிய டாக்டர்’ என்ற உறவு இல்லாமல் கோடி கொடுப்பவர்கள் குறைவு. ஒரு புது ஆள் புற்றுநோய்ப் பிரிவுத் தலைவரிடம் அரை மணி நேரம் வாங்கவே ஆறு மாதம் அலைவார்.

ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை. சமூகப் பணியாளராக அவர் கேட்ட குடும்பக் கதைகள், பார்த்த கோப்புகள் எல்லாம் அந்த வேலையோடு நின்றுவிட வேண்டும். தான் ஆறுதல் சொன்ன குடும்பத்திடம் அவரே போய்க் கொடை கேட்கக்கூடாது. நோயாளிகளின் தகவல்களைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகள், நோயாளியின் பெயர், முகவரி, சிகிச்சை பெற்ற துறை, மருத்துவர் பெயர் போன்ற சிலவற்றை நிதி திரட்டலுக்குப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அங்கே எழுதிய கையேடுகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை, சம்மதம். நோயாளி தானாக “ஏதாவது செய்யணும்” என்று டாக்டரிடம் சொன்ன பிறகு, அவர் சம்மதத்தோடுதான் பெயர் அலுவலர் மேசைக்கு வர வேண்டும். படுக்கையில் இருப்பவரிடம் பேச்சே கூடாது.

எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டீர்கள். சான்றிதழை ஓரமாக வையுங்கள். மூவரையும் ஒரு நாள் காலை ஆறரைக்கு வரச் சொல்லி, கதிர்வீச்சுப் பிரிவின் வெளியே உள்ள பெஞ்சில் மாலைவரை உட்கார வையுங்கள். மாலையில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒருவர் இயந்திரம் பழசு, கூட்டம் அதிகம் என்று எழுதுவார். இன்னொருவர், கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் நடப்பதால் வண்ணாமடையிலிருந்து ஓர் அம்மா தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார், தங்க இடமில்லாமல் பாதியில் நிறுத்திவிடுவாரோ என்று பயப்படுகிறார் என்று எழுதுவார். இரண்டாமவரை எடுங்கள். இயந்திரத்துக்குக் கொடுக்காத ஒரு குடும்பம் தங்கும் விடுதிக்குக் கொடுக்கும். நோயாளியின் தேவையையும் கொடுப்பவரின் மனசையும் பார்த்துப் பொருத்துவதுதான் இந்த உத்தியோகம்.

நேர்முகத்தில் ஒரே கேள்வியை ஆழமாகக் கேளுங்கள்: “முடியாது என்று சொன்ன ஒருவரிடம் நீங்கள் திரும்பப் போன கதையைச் சொல்லுங்கள்.” யார் முதலில் பார்த்தது, எத்தனை மாதம், எங்கே தவறியது, இப்போது அவர்கள் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்களா என்று இழுத்துக் கேளுங்கள். எல்லா வெற்றியையும் ‘நான்’ என்று சொல்பவரிடம் எச்சரிக்கை. பெருங்கொடையை ஒருவர் தனியாக வாங்குவதே இல்லை. டாக்டர், சேர்மன், பழைய மாணவர், கணக்கர் எல்லோருடைய கையும் அதில் இருக்கும்.

சட்ட விஷயங்களை அவர் முழுக்க அறிந்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் ஓர் ஆடிட்டர் சொல்லிக் கொடுத்துவிடலாம். இருந்தாலும் இந்த எல்லைக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். பாலக்காட்டில் எத்தனையோ வீட்டில் வளைகுடாப் பணம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கிருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அவருடைய தம்பி அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. அதற்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். ஒரே குடும்பத்தில் அண்ணன் பணம் ஒரு கணக்கு, தம்பி பணம் இன்னொரு கணக்கு. இதைக் கவனிக்காமல் வாங்கிப்போட்டால் தலைவலி உங்களுக்குத்தான். கோவை ஆலைகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு உங்கள் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும்; அந்தப் பணத்தை, வருமானத்தை மட்டும் செலவழிக்கும் மூலநிதியில் போட முடியாது. நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. அதைத் தூண்டிலாகக் காட்டிப் பேசுபவரை நம்பாதீர்கள்.

சேர்மனிடம் பேசும்போது இரண்டு பழைய கதைகளைச் சொல்லுங்கள். கோவை பீளமேட்டில் பிஎஸ்ஜி குடும்பத்து அண்ணன் தம்பிகள் நால்வர் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு வைத்தது 1926-இல். வேலூரில் சிஎம்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் நடத்திய முதல் மருத்துவமனை 1902-இல் திறந்தது. அதற்குப் பத்தாயிரம் டாலர் தந்தவர் நியூயார்க் வங்கியாளர் ஷெல், காலமான தன் மனைவியின் நினைவாக. இதில் எங்கே கமிஷன்? ஷெல்லின் மனசில் ஏற்கெனவே அவர் மனைவி இருந்தார். போய்க் கேட்டவர் அந்த நினைவுக்கு ஓர் இடம் காட்டினார்.

சேர்மன் மாதம் இரண்டு நாள் இந்த அலுவலரோடு காரில் ஏற ஒப்புக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் ஆளே எடுக்காதீர்கள். ஒரு நல்ல மனுஷியின் வாழ்க்கையில் இரண்டு வருடம் வீணாகும். அலுவலரின் டைரி, போன் எண்கள், சந்திப்புக் குறிப்புகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே மருத்துவமனைப் பதிவேட்டில் ஏற வேண்டும். கணக்கெழுதவும் ரசீது போடவும் ஓர் உதவியாளரைக் கொடுங்கள். கொடுத்தவருக்கு ஒரு வாரத்துக்குள் ரசீதும் கையெழுத்துக் கடிதமும் போகாவிட்டால் அடுத்த கொடை வராது.

விளம்பரத்தை மறுபடி கொடுப்பதானால் இந்த வரிகள் இருக்கட்டும்: “தமிழும் மலையாளமும் சரளமாகப் பேச வேண்டும். மாதம் 15 நாள் பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை வட்டாரத்தில் பயணம். சம்பளம் மூத்த மேலாளர் நிலையில், நிலையானது. கமிஷன் கிடையாது. மாணவர் சேர்க்கையோடு எந்தத் தொடர்பும் இல்லை. முதல் 18 மாதங்களுக்குத் தொகை இலக்கு இல்லை.”