வடக்குப் பார்த்த முன்னறை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று உங்கள் அம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாலம் தாண்டி அம்பாசமுத்திரத்துக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நீங்கள் எனக்கு எழுதிக் கேட்டிருந்த அதே விஷயத்தை அவர்களும், "வீட்டுக்குள்ள வெளிச்சமே இல்லையாமே, பச்சப்பிள்ளைய அங்க எப்படிம்மா வச்சிருப்பான்?" என்று கவலையோடு கேட்டார்கள். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீடு நூறு ஆண்டுக்கு மேற்பட்டது, முன்னறை வடக்குப் பார்த்தது, நண்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது, அறையில் ஒரு நாற்காலி கூட இல்லை, பெயிண்ட் அடித்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், மனைவியும் குழந்தையும் அக்டோபரில் வருகிறார்கள், எல்லாச் சுவருக்கும் வெள்ளை அடித்துவிட்டால் இருட்டு போய்விடுமா என்பது உங்கள் கேள்வி. போகாது என்பதுதான் என் பதில். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் அதே லண்டனில் இருபத்திரண்டு ஆண்டு இல்ஃபோர்டு வாசத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

இதை எங்கள் அப்பா வீட்டுப் பட்டாசலில், அதாவது நடுக்கூடத்தில், உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பகல் பன்னிரண்டு. வெளியே ஆடி வெயில் கண்ணைக் கூசுகிறது. இங்கே பல்பு எரிகிறது. இந்த அறையை இருட்டு என்று எங்கள் வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் நம் ஊரில் வீட்டுக்குள் இருக்கும் இருட்டுக்குக் குளிர்ச்சி என்று பெயர். உங்கள் தெருவிலும் எங்கள் தெருவிலும் வீடுகள் பக்கச்சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டிகளைப் போல நீண்டு கிடக்கின்றன அல்லவா? லண்டனின் பழைய டெரஸ் வீடும் அதே அமைப்புத்தான்: இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர், வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டுமே வர வேண்டும். நம் கொத்தனார் நடுவில் முற்றத்தைத் திறந்துவிட்டார். மழையும் குளிரும் கொண்ட ஊரில் அவர்கள் அதைச் செய்ய முடியவில்லை. இன்னொரு வேறுபாடு சூரியன். டிசம்பர் நடுவில் நம் பகுதியில் உச்சிப்பொழுதுச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 58 பாகை உயரத்தில் நிற்கும். லண்டனில் அது 15 பாகைதான். எதிர்வரிசை வீட்டுக் கூரையே அதை மறைத்துவிடும். வடக்குப் பார்த்த சன்னலுக்கோ குளிர்காலம் முழுவதும் நேர்வெயில் ஒரு கீற்றும் கிடையாது. வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வீட்டைத் தேடி வாங்கிவிட்டு, முன்னறையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் நம்மவர்களை எனக்குத் தெரியும்.

நானும் முதல் ஆண்டில் வெள்ளைதான் அடித்தேன், அதுவும் கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளை. நவம்பரில் அந்தச் சுவர்கள் சாம்பல் பூசியவை போல ஆகிவிட்டன. காரணம் எளியது. வெள்ளைக்குத் தனியாக நிறம் கிடையாது. தன்மேல் விழுவதைத்தான் அது திருப்பித் தரும். வடக்குச் சன்னல் வழியே வருவது வானத்தின் வெளிச்சம் மட்டுமே. அதில் நீலச் சாயல் தூக்கலாக இருக்கும், அளவும் குறைவு. விழுகிற கொஞ்ச நீலத்தை வெள்ளைச் சுவர் கொஞ்ச நீலமாகவே திருப்புகிறது, நாம் அதைச் சாம்பல் என்று காண்கிறோம். ஆகவே மேற்கூரைக்கு வெள்ளை இருக்கட்டும். சுவர்களுக்கு மஞ்சளோ இளஞ்சிவப்போ அடியில் ஓடுகிற வெளிர் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். தயிரில் ஒரு துளி மஞ்சள்பொடி விழுந்தது போன்ற நிறம் என்று வைத்துக்கொள்ளலாம். பெயிண்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒளித்திருப்பு எண் ஒன்றைத் தருகின்றன. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. 70க்கு மேல் உள்ளதாகப் பார்த்தால் வெளிச்சமும் குறையாது, கதகதப்பும் கிடைக்கும். சிறிய மாதிரி டப்பா வாங்கிப் பெரிய அட்டையில் இரண்டு கை பூசி, அந்த அட்டையைச் சன்னலோரச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாறி மாறிச் சாய்த்து, காலை, மதியம், விளக்குப் போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்த நிறம் எதுவும் எங்கள் வீட்டில் உருப்பட்டதில்லை.

ஆனால் பெயிண்டுக்கு முன்னால் சுவரைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் வெளிச்சுவர் பெரும்பாலும் ஒன்பது அங்குலத் திடச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள வினைல் பெயிண்டைப் பூசி மூடினால் ஈரம் உள்ளே சிக்கி, இரண்டு குளிர்காலத்துக்குள் கொப்புளம் கிளம்பி உரிந்துவிடும். ஆகவே முதலில் கீழ்ப்பகுதியையும் மூலைகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓதம், அதாவது சுவருக்குள் ஏறிய ஈரம், இருந்தால் அதை நீங்கள் பெயிண்டால் மறைக்காதீர்கள். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அதைச் சரிசெய்வது அவருடைய பொறுப்பு. ஓதம் வேறு, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் ஈரம் வேறு. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் துணியை உலர்த்துவது, சன்னலை அடைத்துக்கொண்டு பானை நிறையச் சோறு வடிப்பது, இவற்றின் ஆவி முழுவதும் மிகவும் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்த் தண்ணீராகும், அதில் கரும் பூசணம் பூக்கும். குளிரடித்தாலும் நாளுக்கு இருமுறை பத்து நிமிடம் சன்னலைத் திறந்துவிடுங்கள். சுவரில் நெருப்பு மூட்டும் பழைய கணப்பு அடைக்கப்பட்டிருந்தால், அடைத்த பலகையில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய புகைபோக்கிக்குள் ஈரம் தங்கினால் கணப்புக்கு மேலே புடைத்து நிற்கும் சுவரில் மஞ்சள் கறை கிளம்பும்.

குழந்தை வருவதால் இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். பழைய கதவு, நிலை, சன்னல் சட்டங்களில் அடியடுக்குப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பிரிட்டனில் ஈயப் பெயிண்டைப் பொதுமக்களுக்கு விற்பது 1992இல்தான் தடுக்கப்பட்டது. உப்புத்தாள் போட்டு உலரத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. சோதனைப் பொட்டலம் வாங்கிப் பார்த்துவிட்டு, ஈயம் இருந்து மேல்பூச்சு நன்றாகவும் இருந்தால், அதைச் சுரண்டாமல் மேலே பூசுவதே நல்லது. உதிர்ந்துகொண்டிருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லித் தெரிந்த ஆளைக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். மேற்கூரையில் புள்ளிப்புள்ளியாகவோ சுழிசுழியாகவோ அலங்காரப் பூச்சு இருந்தால் அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், துளையிடவும் வேண்டாம்.

இனி விளக்கு. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, எனக்கோ இதுதான் முக்கியம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பகல் எட்டு மணி நேரம் கூட இராது. நீங்கள் வேலை முடிந்து வரும்போது எப்போதும் இரவுதான். ஆகவே அந்த அறையைப் பகலுக்காக அலங்கரிக்காதீர்கள், மாலைக்காக அலங்கரியுங்கள். நடு உச்சியில் தொங்கும் ஒற்றை விளக்கு முகத்தில் நிழல் விழச் செய்யும், மூலைகளை இருட்டாக விடும். ஊர்ப் பழக்கத்தில் நான் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், கூடினால் நீலம் தூக்கும்) வெள்ளை பல்பைப் போட்டு, கூடத்தைத் தாலுகா அலுவலகம் போல ஆக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளியே போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மொத்தம் 2500 முதல் 3000 லூமன் (பல்பு தரும் ஒளியின் அளவு) என்று கணக்கு வைத்து, அதை மூன்று நான்கு விளக்குகளாகப் பிரித்துவிடுங்கள்: ஒன்று உட்கார்ந்து படிக்கிற இடத்தில், ஒன்று கணப்பின் பக்கத்து மாடக்குழியில், ஒன்று அறையின் மிக இருண்ட மூலையில் சுவரை நோக்கியபடி. சுவரில் ஒளி பட்டால்தான் கண் அந்த அறையை வெளிச்சமானது என்று எடுத்துக்கொள்ளும். தரை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் பயனில்லை. ஒரு நல்ல செய்தி: அங்கேயும் பழைய வீடுகளில் நம் ஊரைப் போலவே அழுத்தித் திருகும் பின் ஹோல்டர்தான். வாங்கும் மேசை விளக்குகளுக்கு மட்டும் மரை பல்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சன்னலில் முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன வலைத்திரை இருந்தால் கழற்றிவிடுங்கள், அது கணிசமான வெளிச்சத்தைத் தின்றுவிடும். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றால், கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு மட்டும் உறைபனி போன்ற ஒட்டுத்தாள் ஒட்டலாம். ஒளி மேல்பாதி வழியேதான் உள்ளே தூரமாக வருகிறது. திரைச்சீலைக் கம்பியைச் சன்னலைவிட இரு பக்கமும் ஓர் அடி நீளமாகப் போட்டால், விலக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர்மேல் ஒதுங்கும். சன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அவ்வளவுதான்.

சுவரில் ஆணி அடிக்கலாமா என்று அடிக்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மேற்கூரைக்கு ஓரடி ஒன்றரையடி கீழே சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டை ஓடுகிறதா பாருங்கள். அது படம் மாட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் வைத்தது. அதற்கான கொக்கிகள் இன்றும் கிடைக்கின்றன. சுவரில் ஒரு துளையும் போடாமல் சாமி படங்கள் அத்தனையையும், நம் வீட்டில் போலவே முன்பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போல், சங்கிலியில் தொங்கவிடலாம். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் உட்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சுவரில் மாட்டிய என் பாய் மூன்றே மாதத்தில் பின்பக்கம் முழுக்கப் பூசணம் பிடித்து, கடைசியில் குப்பைக்குத்தான் போனது. சாம்பிராணியைப் புகையறிவிப்பான் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே காட்டாதீர்கள். அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

சோபாவைக் கடைசியில் வாங்குங்கள். வாங்குமுன் வாசல் அகலத்தையும் நடைபாதைத் திருப்பத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், பழைய வீட்டு நடையில் பாதியில் சிக்கி நின்ற சோபாக்கள் ஏராளம். பழையதாக வாங்கினால் தீப்பாதுகாப்புத் துணிச்சீட்டு அடியில் தைத்திருக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பெயிண்ட் வேலையை மட்டும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். குளிர் வந்த பிறகு பூச்சு காய்வதற்குச் சன்னலைத் திறந்துவைக்க முடியாது. எந்த நிறம் என்பதையும், குடி மாறும்போது பழைய நிறத்துக்கு மாற்றித் தர வேண்டுமா என்பதையும் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, பூசுவதற்கு முன் நான்கு சுவரையும் படம் எடுத்து வையுங்கள், வீட்டுக்கு நீங்கள் கொடுத்த முன்பணம் முழுதாகத் திரும்புவது அதில்தான் இருக்கிறது. நான் அடுத்த வாரம் திரும்புகிறேன். என்னிடம் ஏழெட்டு மாதிரி அட்டைகள் பரணில் கிடக்கின்றன, எடுத்து வருகிறேன். உங்கள் அம்மா கொடுத்துவிட்ட இரண்டு கட்டு அப்பளமும் என் பெட்டியில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா