பன்றிச் செல்லால் சர்க்கரை நோய் தீருமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் மகனுக்கு ஒன்பது வயது. டைப் 1 சர்க்கரை நோய். பன்றியின் கணையச் செல்லை உடலுக்குள் வைத்தால் இன்சுலின் ஊசியே தேவைப்படாது என்கிறார்கள். காத்திருக்கலாமா?

தாராளமாகக் காத்திருங்கள். ஆனால் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. டைப் 1 பிள்ளைக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

அவன் உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. புதிதாக வைக்கும் செல்லையும் அது விட்டுவைக்காது. அந்தச் செல் வேறொரு விலங்கினுடையது என்றால் எதிர்ப்பு இன்னும் கடுமையாக இருக்கும். இத்தனை ஆண்டுகள் இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஏன் பன்றி? ஆடு, மாடு ஆகாதா?

ஆட்டைத்தான் முதலில் முயன்றார்கள். 1893இல், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 15 வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக் கணையத் துண்டுகளை வைத்தார்கள். மூன்றே நாளில் அவன் இறந்துபோனான். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய காலம் அது.

இன்சுலின் என்ற புரதம் கட்டப்பட்டிருக்கும் 51 அமினோ அமிலத் துண்டுகளில் பன்றிக்கும் நமக்கும் ஒன்றில் மட்டுமே வேறுபாடு, மாட்டுக்கு மூன்று. மனிதக் கணையத்துக்கோ பெரும் தட்டுப்பாடு: செல் மாற்றம் செய்துகொள்ளும் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு கொடையாளர்களின் கணையம் வேண்டியிருக்கிறது.

இதுவரை யாருக்காவது பலித்திருக்கிறதா?

முழுமையாகக் குணமானவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது. ஆனாலும் நான் நம்பிக்கை இழக்காமல் இருப்பதற்குக் காரணமான நோயாளி ஒருவர் உண்டு. 1996இல் நியூசிலாந்தில், ஆய்வாளர் பாப் எலியட்டின் குழுவினர் 41 வயதுக்காரர் ஒருவரின் வயிற்றுக்குள் பன்றிக்குட்டியின் கணையச் செல்களை வைத்தார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் ஆன நுண்ணிய உறைக்குள் செல்கள் இருந்தன. சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும். தாக்க வரும் எதிர்ப்புச் செல்கள் நுழைய முடியாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எதுவும் இல்லாமலேயே இதைச் செய்தார்கள்.

மூன்று மாதத்துக்குள் அவருடைய இன்சுலின் தேவை 30 சதவீதம் வரை குறைந்தது. ஓராண்டு முடிவதற்குள் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. ஆனால் ஒன்பதரை ஆண்டுகளுக்குப் பிறகு வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்த்தபோது உறைகள் அங்கேயே இருந்தன. சிலவற்றுக்குள் செல்கள் உயிரோடு இருந்தன. பரிசோதனையில் சிறிதளவு இன்சுலினும் சுரந்தன. ஊசியைக் கைவிடுவதற்கு அது போதாது. ஆனால் வேற்று விலங்கின் செல் மனித உடலுக்குள் ஏறக்குறைய பத்தாண்டு வாழ முடியும் என்பதே எனக்குப் பெரிய செய்தி. உறையைச் சுற்றித் தழும்புத் திசு படர்வதும், ஆக்சிஜன் போதாமல் செல்கள் மடிவதும்தான் இன்னும் தீராத சிக்கல்கள்.

எனக்கு 58 வயது, டைப் 2. எனக்குப் பயன்படுமா?

இப்போதைக்கு இல்லை. இந்த ஆய்வுகளெல்லாம் டைப் 1 நோயாளிகளுக்கானவை. உங்களுக்கு உணவு, நடை, மாத்திரை, தேவைப்பட்டால் இன்சுலின்.

பன்றியின் நோய் நமக்குத் தொற்றாதா?

நியாயமான பயம். பன்றியின் மரபணுவிலேயே ஒரு வகை வைரஸ் பதிந்திருக்கிறது. அது மனிதச் செல்லைத் தொற்றக்கூடியது என்று 1997இல் ஆய்வகத்தில் தெரிந்தது. செல் மாற்றம் பெற்ற நோயாளிகள் யாருக்கும் அது தொற்றியதாக இதுவரை கண்டறியப்படவில்லை. 2017இல் மரபணுத் திருத்தம் மூலம் அந்த வைரஸ் செயலிழந்த பன்றிக்குட்டிகளையும் பிறக்கவைத்துவிட்டார்கள். இருந்தாலும் கவனம் தளரக் கூடாது. 2022இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் பன்றி இதயம் பொருத்தப்பட்டவர் இரண்டு மாதத்தில் இறந்தார். அந்த இதயத்தில் பன்றிக்குரிய வேறொரு வைரஸ் இருந்தது பின்னர் தெரியவந்தது.

அப்படியானால் மனித ஸ்டெம் செல்தான் முந்துகிறதா?

ஆம், இன்றைய நிலையில் அதுதான் முன்னால் நிற்கிறது. ஸ்டெம் செல் என்பது உடலின் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்; அதை ஆய்வகத்தில் இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்து உடலுக்குள் வைக்கிறார்கள். 2025இல் வெளியான வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வில், முழு அளவு செல் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அதனால் தொற்று அபாயம் கூடும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சர்க்கரை திடீரென இறங்குவதே தெரியாமல் மயங்கி விழுகிறவர்களுக்கு அந்த அபாயத்தை ஏற்பது தகும். ஊசியோடு நன்றாக இருக்கும் பிள்ளைக்குத் தகாது என்பது என் கருத்து.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று விலங்குச் செல் சிகிச்சைக்குப் பல லட்சம் கேட்கிறது. நகையை வைத்தாவது கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். முறையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்குப் பொதுவாக நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. எந்த நாட்டு அரசு அனுமதித்திருக்கிறது, எந்த விலங்கின் செல், எதிர்ப்புச் சக்தியை எப்படிச் சமாளிக்கிறார்கள், எத்தனை ஆண்டு கண்காணிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.