மெதுவாகப் போகும் படம் வேண்டாமா?

கேள்வி: விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பெரிய நடிகர்களின் படங்களை எல்லாம் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். அதிகம் பேர் பார்க்காத நல்ல தமிழ்ப் படங்கள் நாலைந்து சொல்லுங்களேன், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ரொம்ப மெதுவாகப் போகும் படம் மட்டும் வேண்டாம்.
(தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி)

பதில்: படங்களைச் சொல்கிறேன் அம்மா. அதற்கு முன் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். டர்பனில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "நல்ல படம்தான், ஆனா மெதுவாப் போகுது." எந்தப் படத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டால் 'கூழாங்கல்' என்பார்கள். அந்தப் படம் மொத்தமே ஒன்றேகால் மணி நேரம். பெரிய நடிகர் படம் இரண்டே முக்கால் மணி நேரம். அதில் நாயகன் காரைவிட்டு இறங்கி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, நாலு அடி எடுத்து வைப்பதற்கே ஒரு பாட்டு முடிந்துவிடும். கதை ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. அடியாட்கள் ஒவ்வொருவராக அந்தரத்தில் மிதந்து விழும்வரை நாம் காத்திருக்கிறோம். நடுவில் எழுந்து டீ போட்டுக்கொண்டு வந்தாலும் எதுவும் தவறிப்போகாது. மெதுவாகப் போகும் படம் அதுதான். சத்தம் அதிகமாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

சரி, 'கூழாங்கல்' போன்ற படங்களில் மெதுவாக இருப்பது எது? வேலை. நடை. காத்திருப்பு. சாதாரணப் படங்களில் ஒருவன் மூட்டை தூக்கினால், தூக்குவதைக் காட்டுவார்கள், அடுத்த நொடி இறக்குவதைக் காட்டுவார்கள். நடுவில் இருக்கிற மலையை வெட்டி எறிந்துவிடுவார்கள். இந்தப் படங்களை எடுத்தவர்கள் அந்த மலையை வெட்ட மறுத்தவர்கள். 1860இலிருந்து 1911வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக இங்கே வந்து, டோங்காட்டிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் கரும்பு வெட்டியவர்களின் பேரன் பேத்திகள் நாம். ஒரு மனிதன் உடம்பால் உழைப்பதைப் பத்து நிமிடம் திரையில் பார்க்க நமக்குச் சலிப்பாக இருக்கிறது என்றால், எனக்கு அது கோபமாகவே இருக்கிறது. உங்கள் மேல் இல்லை அம்மா. நம்மை இப்படிப் பழக்கிவிட்டவர்கள் மேல்.

அதனால் முதல் படமாக லெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைச் சொல்கிறேன். 2018இல் வந்தது. தயாரித்தவர் விஜய் சேதுபதி. ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு நன்றி. தேனிப் பக்கம் மலையடிவாரத்தில் ரங்கசாமி என்று ஒரு கூலித் தொழிலாளி. மேலே ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து மூட்டைகளைத் தலையிலும் முதுகிலும் சுமந்து இறக்குவது அவன் பிழைப்பு. ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. கதை அவ்வளவுதான். படத்தின் முதல் பகுதியில் அவனோடு சேர்ந்து நாமும் மலை ஏறுகிறோம். வழியில் டீக்கடை, வயதானவர்கள், பழைய சண்டைகள், ஊர்க்கதை. எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். பிறகு நிலம் கைக்கு வருவது போல் வந்து தட்டிப்போகும்போது, அந்த மலையேற்றம் எல்லாம் சேர்ந்து நம்மை அழுத்தும். முதல் அரை மணி நேரத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தவனுக்கு அந்தக் கனம் கிடைக்காது.

நிலம் என்ற அந்த ஆசை நம் வீட்டுக் கதை. 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கலாம் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். அவர்கள் தலையில், அப்போது இந்த மாகாணத்தை ஆண்ட நேட்டால் அரசு 1895இல் 3 பவுன் வரிக்குச் சட்டம் போட்டது. தோட்டத்துக்கே திரும்பு, இல்லாவிட்டால் கப்பல் ஏறு என்பதுதான் அதற்கு அர்த்தம். இந்தியத் தொழிலாளர்களின் 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் அந்த வரி ஒழிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு ரங்கசாமியைக் காட்டுங்கள். ரங்கசாமி யார் என்று விளக்க வேண்டியிருக்காது.

அடுத்தது 'கூழாங்கல்' தான், விடுவதாக இல்லை. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் பெரிய விருதான புலி (டைகர்) விருது வாங்கியது. குடிகார அப்பன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் இருக்கும் மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவரப் போகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பிவர வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். கொளுத்தும் வெயிலில் இருவரும் வீட்டுக்கு நடக்கிறார்கள். பையன் முன்னே, அப்பன் பின்னே. வசனம் மிகக் குறைவு. பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பக்கம் பக்கமாகப் பஞ்ச் வசனம் பேசும் படத்தில் பாதி கீழே ஓடும் எழுத்தில் போய்விடும். இதில் வெயிலும் தாகமும் அந்தப் பையனின் முறைப்பும் பேசுகின்றன. சாட்ஸ்வொர்த்தில் பிறந்த பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட எல்லாம் புரியும். ஒரு எச்சரிக்கை: அப்பன் அடிப்பதும் திட்டுவதும் உண்டு, மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கீழே ஓடும் எழுத்து என்றதும் என் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் படங்களுக்கு ஆங்கிலத்தில் எழுத்துப் போடுகிறவர்கள் பாதி வசனத்தை விழுங்கிவிடுகிறார்கள். கிழவி ஒரு பழமொழியோடு நாலு வரி திட்டுவாள், கீழே "போ" என்று ஒரு சொல் வரும். இந்த ஊரில் தமிழ்ப் பேச்சு வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கும் படத்துக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு வரி எழுத்துத்தான். அதைக் கூலிக்கு மாரடிப்பது போல் செய்யாதீர்கள் என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழமொழியைச் சொல்லிக் கொடுங்கள் அம்மா. படத்தை நடுவில் நிறுத்தினால் ஒன்றும் குறைந்துவிடாது.

செழியனின் 'டு லெட்'. 2007வாக்கில் சென்னையில் ஐ.டி. சம்பளக்காரர்களால் வாடகை ஏறிய காலம். சின்னக் குழந்தையோடு ஒரு கணவன் மனைவி, ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு வீடாகப் போகிறார்கள். என்ன வேலை, என்ன ஆட்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேள்வி. பாட்டு கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. எங்கே அழ வேண்டும் என்று வயலின் வந்து சொல்லாது. தேசிய விருது வாங்கிய இந்தப் படம் நம் ஊர்த் திரையரங்குக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். வார இறுதியில் இரண்டு காட்சி கிடைப்பதும் இங்கே பெரிய நடிகருக்குத்தான்.

இந்த இடத்தில் தமிழைவிட்டுக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாகாணத்து மொழியான ஜூலுவில் எடுத்த 'யெஸ்டர்டே' படத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 2004இல் வந்தது. டாரல் ரூட் இயக்கம், நம் டர்பன்காரர் அனந்த் சிங் தயாரிப்பு. சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைவரை போனது. கிராமத்துப் பெண் ஒருத்திக்கு எச்.ஐ.வி. ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவனிடமிருந்து வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகும் நாள்வரை உயிரோடு இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். லெலெட்டி குமாலோ அந்தப் பெண்ணாக நடித்திருக்கிறார். மருத்துவரைப் பார்க்க மகளோடு வெகுதூரம் நடந்து வருவாள். வரிசை பாதியில் முடிந்துவிடும், அடுத்த வாரம் வா என்பார்கள். திரும்பி நடப்பாள். அந்த நடையை வெட்டாமல் காட்டியிருக்கிறார்கள். 'கூழாங்கல்' பையன் நடப்பதும் இவள் நடப்பதும் எனக்கு ஒரே சாலையாகத் தெரிகிறது. 'கூழாங்கல்' காட்டும் மதுரைப் பக்கத்து வறட்சிக்கு அழுகிற நாம், பக்கத்து ஊர்ப் பெண்ணின் மொழியில் வந்த படத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. இதை எழுதினால் "தமிழ்ப் பத்திரிகைக்கு ஜூலு எதற்கு" என்று கடிதம் வரும். வரட்டும். போன முறையும் வந்தது, என் பதில் அதேதான்: இது நாம் பிறந்த மண்ணின் மொழி.

கடைசிப் படம் பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. சுதா என்ற வேலைக்குப் போகும் பெண், தங்கை, தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், கடன் வாங்கிச் சொந்தமாகக் கட்டத் தொடங்குகிறாள். சிமென்ட், கம்பி, ஒப்பந்தக்காரர், லஞ்சம் என்று ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடிக்கிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, சரிதான். ஆனால் எனக்கு அந்தப் படம் சொக்கலிங்க பாகவதரின் படம். அந்தத் தாத்தா குடையை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இளையராஜாவின் இசை மட்டும் இருக்கிறது, பேச்சு இல்லை. வேகமாக எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் வெட்டப்பட்டிருக்கும் முதல் காட்சி அதுதான். தமிழில் அதற்கு நிகராக நான் இன்னொரு காட்சியைச் சொல்லமாட்டேன்.

பார்க்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். சின்னதாக இருப்பதால் 'கூழாங்கல்' முதல் நாள். அப்புறம் 'யெஸ்டர்டே', 'டு லெட்', 'மேற்குத் தொடர்ச்சி மலை' எந்த வரிசையிலும் பார்க்கலாம். 'வீடு' மட்டும் கடைசியில் இருக்கட்டும், அதுவும் மறுநாள் அவசர வேலை இல்லாத ராத்திரியில். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று வெள்ளை அரசு போட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் கட்டிய வீட்டையும் காய்கறித் தோட்டத்தையும் விட்டுவிட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் குடும்பமும் அதில் ஒன்றென்றால், படம் முடிந்ததும் பிள்ளைகள் அந்த வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். எத்தனை அறை, வாசலில் என்ன மரம், யார் வந்து காலி பண்ணச் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லுங்கள் அம்மா. அப்போது யாரும் உங்களை மெதுவாகப் போவதாகச் சொல்லமாட்டார்கள்.