அப்பாவோட கேசட் பெட்டி, வண்டில பாதில நிக்கற பாட்டு: ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. சேலம் ஜங்ஷன்ல இருந்து ஏற்காட்டுக்கு டூரிஸ்ட் கார் ஓட்டறவரு. "அண்ணா, போன்ல ஸ்ட்ரீமிங் ஆப் போட்டுத்தான் வண்டில பாட்டு ஓடுது. அடிவாரம் தாண்டி வளைவு ஏற ஏற சிக்னல் போயி பாதிப் பாட்டுல நின்னுடுது, வீட்லயும் டவர் சரியா கெடைக்கறதில்ல. மாசாமாசம் காசு கட்டி பிரீமியம் எடுக்கலாமா, இல்ல பாட்டை சொந்தமா வாங்கி பென்டிரைவ்ல போட்டுக்கலாமா? எங்கப்பாகிட்ட ஒரு பெட்டி நெறைய பழைய கேசட் இருக்கு, டேப்பே இல்ல இது எதுக்குனு வீட்ல தூக்கிப் போடச் சொல்றாங்க, அதை என்னண்ணா பண்றது?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். தூக்கிப் போட்றாதீங்க. யார் சொன்னாலும் சரி, அந்தப் பெட்டியை இன்னைக்கே பரண்ல இருந்து எறக்கி காத்தோட்டமான எடத்துல வைங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப பிரீமியம். எடுத்தா டவுன்லோட் பண்ணிக்கலாம், சிக்னலே இல்லாட்டியும் 20 வளைவும் நிக்காம பாடும், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த டவுன்லோட் உங்க கைக்கு வந்த ஃபைல் கெடையாதுங்க, பூட்டுப் போட்டு குடுத்திருக்காங்க, சாவி அவங்ககிட்டதான் இருக்கு. அந்த ஆப்புக்குள்ள மட்டும்தான் பாடும், பென்டிரைவ்ல காப்பி பண்ண முடியாது, அப்பா ரேடியோல போட முடியாது. ஸ்பாட்டிஃபை ஆப்புனா 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டுக்கு வந்து தலை காட்டணும், இல்லாட்டி டவுன்லோட் பண்ணி வெச்சதெல்லாம் போயிடும். நீங்க தெனமும் சேலம் எறங்கறவரு அதனால பிரச்சனை இல்ல, மலைல இருந்து மாசக்கணக்கா எறங்காத அப்பாவோட போனுக்கு இது பிரச்சனைதான். காசு கட்டறதை நிறுத்துனா டவுன்லோடும் அதோட சரி, நாலு வருஷம் கட்டியிருந்தாலும் அதே கதைதான்.

அடுத்தது, நேத்து இருந்த பாட்டு இன்னைக்கு இருக்கும்னு சொல்ல முடியாது. பழைய எச்எம்வி ரெக்கார்டுங்களோட உரிமை இப்ப சரிகமா கம்பெனிகிட்ட இருக்கு, நம்ம அப்பா காலத்துப் பாட்டு எவ்வளவோ அதுல அடக்கம். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரில இந்தியாவுக்கு வந்துச்சு, வந்த ரெண்டு மாசத்துல சரிகமாவோட தகராறாயி விஷயம் கோர்ட்டுக்குப் போயி அந்தப் பாட்டையெல்லாம் எடுத்துட்டாங்க, அப்புறம் 2020 நடுவுல ஒப்பந்தம் போட்டப்பறம்தான் திரும்பி வந்துச்சு. 2023 மார்ச்ல ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக் கம்பெனிக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சு அந்தப் பாட்டுங்க போச்சு. ஆப்பையே மூடுன கதையும் இருக்கு, கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல, ரெஸ்ஸோ இந்தியாவுல 2024 ஜனவரியோட, ஏர்டெல்லோட விங்க் அதே வருஷம். கம்பெனிக்காரங்களுக்குள்ள பேச்சு ஒத்துவந்தா பாட்டு இருக்கும், ஒத்துவரலைனா இருக்காது, நம்மகிட்ட யாரும் கேக்கப்போறதில்ல.

அதுக்காக ஸ்ட்ரீமிங்கே வேணாம்னு சொல்லல. வண்டில ஏறுறவங்க ஒருத்தர் தெலுங்கு கேப்பாங்க, ஒருத்தர் இந்தி கேப்பாங்க, பசங்க நேத்து வந்த பாட்டைக் கேப்பாங்க, அத்தனையும் வாங்கி வெக்க யாராலயும் முடியாது. தொழிலுக்கு அது வேணும்ங்க. எடுத்துக்கோங்க, வைஃபை கெடைக்கற எடத்துல ராத்திரி டவுன்லோட் பண்ணிட்டு காலைல கெளம்புங்க, ஆப் செட்டிங்ல ஆஃப்லைன் மோடு இருக்கும் அதை ஆன் பண்ணிட்டா வளைவுல சிக்னலைத் தேடித் தேடி பாட்டு முழிக்காது.

ஆனா உங்களுக்குனு ஒரு எரநூறு முந்நூறு பாட்டு இருக்கும் பாருங்க, கல்யாணத்தப்போ ஓடுனது, அம்மா சமையக்கட்டுல முணுமுணுக்கறது, ராத்திரி சவாரி முடிச்சு தனியா மலை ஏறும்போது உங்களைத் தூங்கவிடாம கூட வர்றது. அது மட்டும் உங்க கைல ஃபைலா இருக்கணும். நான் சொல்ல வர்றது மொத்தமே இதுதான்.

வாங்கறது எப்படினா, இந்தியாவுல இருந்து ஒத்தை ஒத்தைப் பாட்டா காசு குடுத்து வாங்க ஐட்யூன்ஸ் ஸ்டோர் இருக்கு, 2012 டிசம்பர்ல இங்க வந்துச்சு. ஐபோன் இருக்கணும்னு அவசியமில்ல, விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஐட்யூன்ஸ் போட்டா போதும். அதுல வாங்கற பாட்டுக்கு பூட்டு கெடையாது, 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைல் (கேபிபிஎஸ்னா ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல்ங்கற கணக்கு, ஃபைல் பேரு கடைசில எம்4ஏ-னு இருக்கும்), எங்க வேணா காப்பி பண்ணிக்கலாம். சில கார் ஸ்டீரியோ அந்த எம்4ஏ ஃபைலை எடுக்காது, அப்ப அதை எம்பி3-யா மாத்தி ஏத்துங்க, ஒரிஜினலை அழிச்சுடாதீங்க. சினிமா இல்லாத தனிப்பாட்டு, பேண்டு பசங்க பாட்டெல்லாம்னா பேண்ட்கேம்ப்ங்கற வெப்சைட் நல்லது, குடுக்கற காசுல பெரும்பங்கு பாடுனவங்களுக்கே போகுது, சத்தத்தோட தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாவும் எறக்கிக்கலாம். பழைய ஆடியோ சிடி எங்கயாவது கெடைச்சா விடாதீங்க, நான் இன்னமும் ஒரிஜினல் சிடி கண்ணுல பட்டா வாங்கிட்டுத்தான் வர்றேன், அதுல இருந்து எடுக்கற சவுண்டு நெட்ல கெடைக்கற எம்பி3-ய விட சுத்தம்.

ஓசி டவுன்லோட் சைட்டு பத்தி கேப்பீங்க. வேணாம் தம்பி. பாடுனவங்களுக்கு பைசா போகாதுங்கறது ஒண்ணு, இன்னொண்ணு 320 கேபிபிஎஸ்னு பேரு போட்டிருக்கும் ஆனா பல பாட்டு 128-ஐ ஊதிப் பெருக்குனதா இருக்கும், ஜாலரா சத்தமெல்லாம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும்.

ஒண்ணு முக்கியம், வாங்குன அன்னைக்கே எறக்கிடணும். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு ஆன்லைன் கடைல நானே அறுபது எழுபது பாட்டு காசு குடுத்து வாங்கியிருந்தேன், கடையை மூடறோம் இந்தத் தேதிக்குள்ள எறக்கிக்கோங்கனு மெயில் வந்துச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், தீபாவளி வேலைல மறந்தே போயிட்டேன், திரும்ப போயி பாத்தப்ப பக்கமே இல்ல. அதுல எங்கம்மாவுக்குப் புடிச்ச பக்திப் பாட்டு ஆறு இருந்துச்சு, அதே குரல்ல அதே பதிவு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வேற எங்கயும் கெடைக்கல.

எவ்வளவு எடம் புடிக்கும்னா பயப்படவே வேணாம். 320 எம்பி3-னா நிமிஷத்துக்கு 2.4 எம்பி, அஞ்சு நிமிஷப் பாட்டு 12 எம்பி, ஆயிரம் பாட்டே 12 ஜிபிதான். வண்டிக்கு 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி ஃபேட்32-ங்கற முறைல ஃபார்மேட் பண்ணுங்க, பழைய ஸ்டீரியோ அதைத்தான் படிக்கும்.

இப்ப கேசட் பெட்டிக்கு வர்றேன். அஞ்சு ரோட்டு பக்கம் கேசட் விக்கற காலத்துல இருந்து இந்த ஆடியோ வேலைலதான் இருக்கேன், சேலத்துல கடைல விலைக்கு வித்த சினிமாப் பாட்டு கேசட்டை நான் அவ்வளவா பெருசா எடுத்துக்க மாட்டேன், அந்தப் பாட்டு வேற எங்கயாவது கெடைச்சுடும். ஆனா ஒவ்வொரு பெட்டிலயும் கடைல வாங்காத கேசட் நாலஞ்சு இருக்கும். மாரியம்மன் பண்டிகைல ஊர்க்காரங்க பாடுனது, ராத்திரி முழுக்க நடந்த தெருக்கூத்து, பாட்டி பாடுன ஒப்பாரி, கொழந்தைல நீங்க மழலைல பேசுனதை அப்பா டேப்ல புடிச்சது. இதெல்லாம் எந்த ஆப்புலயும் காசு குடுத்தா கெடைக்காது, உலகத்துலயே அந்த ஒரு கேசட்லதான் இருக்கு. அதுதான் உங்க சொந்த சொத்து, அதை மொதல்ல காப்பாத்துங்க.

மலைல கேசட்டுக்கு எதிரி பனியும் ஈரமும்தான். ஐப்பசி கார்த்திகைல வீட்டுக்குள்ள துணியே காயாது, கேசட் என்னாகும்? ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சு கண்ணாடி வழியா சுருளோட ஓரத்தைப் பாருங்க. பழுப்பா வழவழனு இருந்தா நல்லா இருக்கு. வெள்ளையா பொடிப்பொடியா படிஞ்சிருந்தா பூஞ்சை, அதை மெஷின்ல போடவே கூடாது, போட்டா நாடாவைப் படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறிடும், அதைத் தனியா ஒரு கவர்ல போட்டு வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. அப்புறம் நாடா வெளிய தெரியற வாய் இருக்குல்ல, நடுவுல சின்ன பித்தளைத் தகடு மேல ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், அரிசி மணியை விட கொஞ்சம் பெருசு. பசை காஞ்சு அது விழுந்திருந்தா சத்தம் மங்கலா வரும், கேசட் போச்சுனு நெனைச்சுடுவோம், போகல. நாலு மூலைலயும் நடுவுலயும் ஸ்குரூ இருக்கற கேசட்னா அதைக் கழட்டி, வேற பழைய கேசட்ல இருந்து அந்தத் தகடை எடுத்து மாத்துனா பழைய மாதிரி பாடும்.

வீட்ல டேப் இல்லைனீங்க, தெரிஞ்சவங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிக்கோங்க. கேசட்டை அதுல போடறதுக்கு முன்னாடி பென்சிலை விட்டு ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க, இறுக்கமா இருந்தா பட்டனை அமுக்காதீங்க, அறுந்துடும். டேப் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பஞ்சு நனைச்சு தொடைங்க. டேப்போட ஹெட்போன் ஓட்டைல இருந்து ஒரு ஆடியோ ஒயர் கம்ப்யூட்டர் லைன்-இன்னுக்கு (சத்தத்தை உள்ள வாங்கற ஓட்டை), லேப்டாப்ல லைன்-இன் இல்லாட்டி யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒண்ணு வாங்கிக்கோங்க. ஆடாசிட்டினு ஒரு மென்பொருள் இலவசமா கெடைக்குது, 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க, சத்தம் காட்டற மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாம பாத்துக்கோங்க, சத்தம் பத்தலைனா அப்புறம் ஏத்திக்கலாம் ஆனா ஒருக்கா கிழிஞ்ச சத்தத்தை சரி பண்ணவே முடியாது. 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும், குறுக்கு வழி இல்ல, ஒரு நாளைக்கு ஒண்ணுனு வைங்க. சேமிக்கும்போது ஃபிளாக்ல வைங்க, எம்பி3 மட்டும் போதும்னு நெனைக்காதீங்க. இரைச்சலை எடுக்கறேன்னு ரொம்ப சொரண்டாதீங்க, பின்னாடி நாய் கொலைக்கறது, யாரோ இருமறது எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

சட்டம் என்ன சொல்லுதுனா, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல பண்ணிக்கறதுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவுல எடம் இருக்கு, காப்பி போட்டு விக்கறது தப்பு. சொந்தக்காரங்க யாராவது ஹோம்ஸ்டே நடத்தி அதுல கெஸ்ட்டுக்கு பாட்டு போட்டாங்கனா அது வேற கணக்கு, தனிநபர் சப்ஸ்கிரிப்ஷன் அதுக்கு செல்லாது, பாட்டு உரிமையைப் பாத்துக்கற ஐபிஆர்எஸ், பிபிஎல் மாதிரி அமைப்புங்ககிட்ட லைசென்ஸ் கேக்கணும்.

எடுத்த ஃபைல் ஒரே எடத்துல இருக்கக்கூடாது. ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்ல, இன்னொண்ணு கீழ சேலத்துல அக்கா வீட்லயோ மாமா வீட்லயோ. வண்டில கெடக்கற பென்டிரைவை காப்பினு கணக்குல சேக்காதீங்க, டேஷ்போர்டு வெயில்ல அது எப்ப வேணா போகும். ஹார்டு டிஸ்க்கை மூடி இறுக்கமா இருக்கற பிளாஸ்டிக் டப்பால சிலிகா ஜெல் பொட்டலத்தோட போட்டு வைங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா மாட்டி ஓடுதானு பாருங்க.

பெட்டியை எறக்குனதும் அப்பாவையும் கூட உக்கார வைங்க. மேல சீட்டுல பேரு எழுதாம சும்மா இருக்கற கேசட்டை மொதல்ல எடுத்து இது என்னதுனு அவரைக் கேளுங்க, சொல்றதை சொல்லச் சொல்ல பால்பாயிண்ட்ல அதுமேலயே எழுதிடுங்க, ரெக்கார்டிங்கை அந்தக் கேசட்ல இருந்தே ஆரம்பிங்க.